எரிந்த மலைக்கு லீவு போனோம்

என் தாய்மாமன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் பாண்டிச்சேரியில் அப்படிப்பட்டவர்களை ‘சொல்தா’ என்போம். எழுபதுகளில் ஒரு கல்யாணப் பந்தியில், பனிமலைக்கு முன்னால் அத்தையோடு நிற்கிற போட்டோவை அவர் இலைக்கு இலை காட்டிக்கொண்டு வந்தார். எங்கள் இலைக்கு வந்ததும் அம்மாவிடம், “உன் வூட்டுக்காரரு ஒன்ன ஊரு கோடியில கீற கோரிமேட்டையாவது தாண்டிக் கூட்டிக்கினு போயிருக்காராம்மா?” என்று கேட்டார். அப்பா ரசத்தைக் கையில் ஏந்தியபடியே, “வர்ற லீவுக்கு மலைக்குப் போறோம்” என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கே அப்போதுதான் தெரியும். அப்பாவுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கும்.

அப்பா மில்லில் தறி ஓட்டினார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவார். ஆனால் யோசித்துக் கொடுக்க மாட்டார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அம்மா ஏறிய உயரமான இடம் ஆஸ்பத்திரி மாடிதான் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. கூட வேலை பார்த்தவரின் மச்சான், சேலத்துக்குப் பக்கத்து மலையில் ஒரு பங்களாவுக்குக் காவல்காரர். ‘எங்கு பார்த்தாலும் பச்சை, பகலிலேயே போர்வை வேண்டும்’ என்று அவர் கடிதம் எழுதியிருந்தார். அது பொங்கலுக்கு எழுதிய கடிதம். நாங்கள் கிளம்பியது வைகாசியில். நடுவில் ஒரு கோடைகாலமே கிடப்பதை எங்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சேலத்தில் மலை பஸ் கண்டக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, “இப்பவா போறீங்க?” என்றார்.

“கூட்டம் இருக்காதுல்ல!” என்றார் அப்பா, பெருமையாக. இரவல் வாங்கி வந்த ஸ்வெட்டரை அங்கேயே மாட்டிக்கொண்டார்.

மேலே போகப் போக மலை கறுத்துக்கொண்டே வந்தது. மலை என்றாலே கறுப்புத்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்குப் பத்து வயது, கண்டது கடல் ஒன்றுதான். காவல்காரர் பங்களா வாசலில் சங்கடத்தோடு நின்றிருந்தார். “பங்குனியில தீ புடிச்சுதுங்க. பாதி மலை போயிருச்சு” என்றார்.

நிழலும் இல்லை, குளிரும் இல்லை. ஆனால் அப்பா ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டே, “காத்து ஜில்லுனு இல்ல?” என்று அம்மாவைக் கேட்பார். அம்மா “ம்” என்பாள். அந்த ஒவ்வொரு ‘ம்’முக்கும் அப்பாவின் முகம் சுண்டிப்போகும். ஒரு மழை பெய்து பள்ளத்தில் புல் துளிர்த்திருக்கிறது என்று யாரோ சொல்ல, அதைக் காட்ட அப்பா எங்களை இரண்டு மைல் நடத்திக் கூட்டிப்போனார். எங்களுக்கு முன்னால் மாடுகள் போய்ச் சேர்ந்திருந்தன. மிச்சமிருந்த பச்சையை அப்பா விரலால் சுட்டிக் காட்டினார். பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் அம்மா கருவாட்டை எடுத்தாள். அவள் எங்கே போனாலும் பையில் கருவாடும் கூடப் போகும். பங்களா அடுப்பில் அதைச் சுடக்கூடாது, நாற்றம் போகாது என்று காவல்காரர் சொல்லிவிட்டார். வெளியே வந்த அம்மா நாலா பக்கமும் பார்த்தாள்.

“ஏங்க, இம்மாங் கரி சும்மா கெடக்குதே! ஊர்ல கரிக்கடையில கியூவுல நிக்கிறோம்!”

மலைக்கு வந்த பிறகு அவள் முகம் மலர்ந்தது அப்போதுதான். அப்பாவுக்கு உயிர் வந்தது. ஓடி ஓடிப் பொறுக்கிக் கொடுத்தார். தீ பரவிவிடப் போகிறது என்று நான் சொன்னேன். “எரிஞ்ச காட்டுல இனிமே எரிய இன்னா இருக்குது?” என்று என் வாயை அடைத்தார்கள். பொறுக்கியதில் பாதி கரி, பாதி ஈரக்கட்டை. மூன்று கல்லைக் கூட்டி அம்மா பற்றவைத்ததும் புகை எழும்பியது பாருங்கள், மில் புகைபோக்கி பிச்சை வாங்க வேண்டும்.

கீழே ஊரில் தகரம் தட்டும் சத்தம் கேட்டது. “திருவிழா போல கீது” என்றார் அப்பா. சற்று நேரத்தில் பத்திருபது பேர் குடமும் ஈரச் சாக்குமாக மேட்டில் ஏறி ஓடி வந்தார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு குடம் தண்ணீர் அடுப்பில் கொட்டியது. ஓர் ஈரச் சாக்கு கருவாட்டின் மேல் விழுந்தது. இன்னொன்று, புகைக்குள் நின்றிருந்த அப்பாவின் மேல்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அதற்குள் இடுப்பில் குழந்தையோடு ஓடி வந்த ஒரு பெண் தொப்பென்று தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். “மறுபடியும் வந்துருச்சுன்னு நெனச்சுட்டேன்... இப்பத்தான் கூரையே போட்டோம்...” என்றாள். நான் சிரித்த சிரிப்புக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்புதாம்மா, எனக்குத்தான் புத்தியில்ல” என்றாள்.

வந்தவர்களில் மூத்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: “எந்த ஊருங்க?”

“பாண்டிச்சேரி.”

“அங்க கடல் இருக்குதில்லீங்க? அதை விட்டுப்போட்டு, எரிஞ்ச மலையில என்னத்தைப் பாக்க வந்தீங்க?”

ஸ்வெட்டரிலிருந்து தண்ணீர் சொட்ட, அப்பா தலையைத் தொங்கவிட்டார்.

அம்மாதான் பதில் சொன்னாள். “மலையப் பாக்க வரலீங்க. என்ன ஒரு எடத்துக்காவது கூட்டிக்கினு போவணும்னு இவரு ஆசப்பட்டாரு. கூட்டிக்கினு வந்துட்டாரு. நான் அதத்தான் பாத்துக்கினு இருக்கேன்.”

அப்பா சட்டென்று திரும்பி ஒரு கரிந்த மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கையாலேயே கண்ணை அழுத்தித் துடைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். நெற்றி முதல் மீசை வரை ஒரே கரி. அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்தான் முதலில் சிரித்தாள்.