காரவள்ளியில் வீசிய பெட்டி

அந்த நாளில் மலைக்குப் புதுச் சாமான் எதுவும் பெட்டியோடு வந்ததில்லை. பஸ்ஸில் பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் போடுவார்கள், மடியில் வைத்த பொருளுக்குப் போட மாட்டார்கள். அதனால் மலைமேல் இருக்கிற அரியூர் நாட்டுக்காரர்கள் நாங்கள் அடிவாரத்துக் காரவள்ளியில் மலை பஸ் ஏறுமுன்பே பெட்டியைப் பிரித்து வீசிவிட்டு, மிக்ஸியோ ரேடியோவோ, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு மேலே ஏறுவோம். கண்டக்டரை ஏய்த்துவிட்டோம் என்று அதில் ஒரு பெருமை வேறு.

தங்கச்சிக்கு வாங்கிய தையல் மெஷினையும் அக்கா நான் அப்படித்தான் கொண்டுவந்தேன். புருஷனிடம் அடிபட்டது போதும் என்று அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம். அப்பா கெட்டவர் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவர். "தனியாப் பொழைக்க ஒரு வழி இருந்தா இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா தை பொறந்ததும் அவன் ஊட்டுக்கே போகட்டும்" என்று சொல்லிவிட்டார். மிளகு விற்ற காசை எடுத்துக்கொண்டு கீழே டவுனுக்குப் போய் மெஷின் எடுத்தேன். மிதிக்கிற ஸ்டாண்டு, பஸ் கூரை மேல் ஏறியது, மெஷின் என் மடியில் வந்தது. பில்லும் கியாரண்டி அட்டையும் பெட்டியோடு போனதை நான் கவனிக்கவில்லை.

மெஷின் ஒரு சாண் தைப்பதற்குள் நூலை அறுத்தது. எண்ணெய் விட்டோம், ஊசி மாற்றினோம். பக்கத்து ஊர் டெய்லர் வந்து பிரித்துப் பார்த்துவிட்டு, "உள்ள தண்டே கோணலுங்க, கடையில கொடுத்து மாத்திக்கங்க" என்று கையை விரித்தார். கடைக்காரரோ, "பொட்டி எங்க, பில்லு எங்க? மலைக்காரங்களுக்கு மிதிக்கத் தெரியலீன்னா மெஷின் என்ன பண்ணும்?" என்றார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற போர்டை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். தங்கச்சிதான் என் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

நுகர்வோர் கோர்ட்டுக்கு வக்கீல் இல்லாமலே போகலாம் என்று ரேடியோவில் ஒரு பேச்சு கேட்டேன். அன்றைக்கே வெள்ளைத்தாளில் எழுதி நாமக்கல்லுக்கு அனுப்பினேன். கடைக்காரர் பதில் போட்டார்: இவர்களுக்கு நான் மெஷினே விற்கவில்லை. அதைப் படித்துக் காட்டியதும் தங்கச்சி புடவைகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

விசாரணை அன்று மெஷினைத் தூக்கிக்கொண்டு போனோம். கோர்ட் என்றால் கூண்டு இருக்கும் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். மேஜை நாற்காலிதான் இருந்தது. நீதிபதி ஐயா, "பயப்படாம சொல்லுங்கம்மா" என்றார். அவ்வளவுதான், என் வாய் திறந்துகொண்டது. பெட்டியைக் காரவள்ளியில் வீசியதையும் மறைக்கவில்லை. கடைக்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. எழுந்து என்னைப் பார்த்துக் கத்தினார்: "அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னனே, பொட்டியத் தூக்கிப் போட்டுராதீங்கன்னு!"

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப வித்தது நீங்கதான்?"

கடைக்காரர் மெதுவாக உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவரால் எதையும் மறுக்க முடியவில்லை. மெஷினைச் சோதித்துப் பார்த்துவிட்டு, புது மெஷின் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மார்கழி முடிவதற்குள் மெஷினும் வந்துவிட்டது. தங்கச்சி ஒரு பழைய வேட்டியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே ஓட்டமாகத் தைத்துப் பார்த்தாள். அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கம்பக்கத்து ரவிக்கைகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் துணிகளும் வந்து குவிந்தன.

தை பிறந்ததும் அவள் புருஷன் வந்து நின்றான். மாமனார் சொன்ன பேச்சு அவன் காதுக்கும் போயிருந்தது. "கெளம்பு" என்றான். தங்கச்சி மிதிப்பதை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

"நாளைக்கு இந்தத் துணியெல்லாம் கொடுக்கோணுமுங்க. நான் வரலீங்க."

அவன் அப்பாவைப் பார்த்தான். நானும் அப்பாவைத்தான் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வாங்க மாப்பிள்ளை, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. நான் வந்து ஏத்தி உடறேன்" என்றார்.