முதல் புள்ளி வீங்கவில்லை

போன வியாழக்கிழமை காலை, தெப்ராவ் கிளினிக்கில் ஒவ்வாமைச் சோதனைக்காக நான் ஒருவர் கையில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் மூத்த நர்ஸ் லூர்து மிஸி காலமான செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. நோயாளி முன்னால் அழக்கூடாது என்று எங்களைக் கண்டித்து வைத்திருந்தவரே அவர்தான். நான் அழுதேன்.

பதினோரு வருடம் நானும் அவரும் தாதிகளாக ஒரே மேசையில் ஒவ்வாமைச் சோதனை செய்தோம். அவரோடு வேலை செய்த உங்களுக்கும் அவருடைய வாய் தெரியும். "நீ கைய பாரு, பேசறதுக்கு நான் இருக்கேன்லா" என்பார்.

உலு திராமிலிருந்து கலா அக்கா வந்த நாளை நான் மறக்கமாட்டேன். இறால் சாப்பிட்டு மூச்சடைத்து விழுந்தவர். முன்கையில் சோதனை மருந்துகளைத் துளித்துளியாக விட்டு, ஊசியால் லேசாகக் குத்தி, கால் மணி நேரம் காத்திருந்தேன். இறால் புள்ளி வீங்கவில்லை. 'ஒவ்வாமை இல்லை' என்று எழுதிவிட்டேன். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகள் நிச்சயதார்த்தத்தில் இறால் சம்பல் சாப்பிடலாமே!

லூர்து மிஸி என் தாளைப் பார்க்கவில்லை, அக்காவின் கையைப் பார்த்தார். முதல் புள்ளியில் விடுவது ஹிஸ்டமின், தோல் எதிர்வினை காட்டுகிறதா என்று பார்க்க. கொசு கடித்ததுபோல் அது யாருக்கானாலும் தடிக்க வேண்டும். அதுவும் தட்டையாகவே கிடந்தது.

"அக்கா, மருந்து ஏதும் சாப்டீங்களா?"

"மருந்தா? இல்லங்க மிஸி. அரிப்பு மாத்திரை மட்டும்தான், மூணு நாளா. டாக்டர் முன்னாடி தடிப்பு தடிப்பா வந்து உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"அலமாக்!" என்று மிஸி தலையில் அடித்துக்கொண்டார். "அந்த மாத்திரை தோலோட வாயைக் கட்டிருச்சுக்கா. ஹிஸ்டமின் வந்து கத்தினாலும் தோலுக்குக் கேக்காது. அலர்ஜி எங்கயும் போகல, உள்ளதான் இருக்கு."

நான் எழுதியதை அடித்துத் திருத்தினார். டாக்டரிடம், "நாங்க சரியா கேக்கல டாக்டர், எங்க தப்பு" என்றார். கேட்காமல் விட்டது நான் மட்டும்தான். மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழித்துச் சோதித்தோம். இறால் புள்ளி கண் முன்னாலேயே புடைத்தது. 'எங்க தப்பு' என்றதற்கு மிஸியிடம் நன்றி சொல்லப் போனேன், "போய் டீ போடு" என்று விரட்டிவிட்டார்.

மிஸியின் அடக்கத்துக்குக் கலா அக்காவும் வந்திருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும்தான் என்னைக் காப்பாத்தினீங்க" என்றார். இத்தனை வருடமும் அந்தப் புகழை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டவள் நான். அன்று முடியவில்லை.

"இல்லக்கா. மாத்திரை பத்திக் கேக்காம, இறால் சாப்பிடலாம்னு எழுதினது நான் மட்டும்தான். மிஸிதான் தடுத்தாங்க."

அக்கா என் கைகளை விடவில்லை.

லூர்து மிஸியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றுதான். எங்கள் மேசையில் இனி யார் தவறினாலும், அதில் பாதி என்னுடையது.