அலை கொண்டுவந்து போட்ட கொடுவா

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி என்னை அதட்டினாள். நாலு பேர் பார்க்க. அதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

மலருக்கு ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. வாரம் முழுக்க லேத் மெஷின். ஞாயிறு காலை, அயனம்பாக்கத்திலிருந்து பைக்கில் எண்ணூர் — கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் மேல் நின்று தூண்டில் போட. வீட்டுக்கு எதிரிலேயே ஏரி இருக்கே என்பீர்கள். நானும் கேட்டேன்.

"ஏரி சும்மா கிடக்குதுங்க" என்றாள்.

அன்று கடல் சரியில்லை. காற்று ஒரு பக்கம், அலை ஒரு பக்கம்... கல்லில் மோதித் தெறித்த தண்ணீர் முகத்தில் அறைந்தது. கிளம்பிவிடலாமா என்று யோசிக்கும்போதே அவள் ராடு வளைந்தது. கொடுவா. பெரிசு.

வலையை எடுத்துக்கொண்டு நான் கீழ்க்கல்லுக்கு இறங்கப் போனேன்.

"இறங்காதீங்க."

"மீன் போயிடும் மலர்."

"போனா போகட்டும். மேல வாங்கன்னா வாங்க."

ஏறிவிட்டேன். அடுத்த நொடி, நான் கால் வைக்க இருந்த கல்லைக் காணோம். அலை மூடிவிட்டது. அதன் பின்னால் இன்னொன்று. இன்னுமொன்று.

அவள் ரீலைச் சுற்றவே இல்லை. மீன் இழுக்க இழுக்க தூண்டில் நரம்பை விட்டுக்கொடுத்தாள். பெரிய அலைகள் ஓய்ந்த பிறகுதான் சுற்றத் தொடங்கினாள். கடைசியில் ஒரு அளவான அலைக்குக் காத்திருந்து, அது ஏறும்போது சேர்த்து இழுத்தாள். அலையே கொடுவாவை எங்கள் காலடியில் போட்டுவிட்டுப் போனது.

பக்கத்துக் கல்லில் தினமும் தூண்டில் போடும் உள்ளூர்க்காரர், எங்களோடு அதிகம் பேசாதவர், எழுந்து வந்தார்.

"அலையையே பாத்துகினு இருந்தியேம்மா. எங்க கத்துக்கினே?"

"உங்களைப் பார்த்துதாண்ணே. ஆறு மாசமா."

அவர் மீனைத் தன் கையாலேயே எங்கள் பையில் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ பொழச்சிகினே சார்" என்றார்.

திறமை என்றால் வேகம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் பெரிய மீன் மாட்டியிருக்கும்போது சுற்றாமல் நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும்?

எங்கள் ஃபிளாட் மூன்றாவது மாடி. லிஃப்ட் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் படியேறிப் போகலாம் என்றேன் — பையிலிருந்து வால் நீட்டிக்கொண்டிருக்க, எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்த நேரம் அது.