சீடியின் ஓரத்து வளையம்

பாட்டுக் கடையில் நிற்பவளின் காதுகள் வாடிக்கையாளருக்குச் சொந்தம். தலையிடி மட்டும்தான் அவளுக்குச் சொந்தம்.

கனடாவில், மொன்றியல் நகரத்துக் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு தமிழ்க் கடை. முன்பக்கம் வெண்டிக்காய், அரிசி, மிளகாய்த்தூள். பின்பக்கம் சினிமாப் படங்களும் பாட்டு சீடிகளும். இரண்டாயிரங்களில் ஏழு வருடம் அந்தப் பின்பக்கத்தில் நின்றேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கணினி என்றால் பயம். என்றாலும் பாட்டுப் பதிகிற வேலையை ஒருவாறு பழகிக்கொண்டேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊரார் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விளங்காது.

வெளிறிய ஓரம்

எங்கள் கடை வழக்கம் இதுதான்: விருப்பமான பாட்டுகளை ஒரு துண்டில் எழுதித் தந்தால் ஒரு சீடியில் பதிந்து கொடுப்போம். பெரும்பாலும் பதினைந்து பாட்டு எழுதுவார்கள். கடைசியில் நாலைந்து நிமிட இடம் மிஞ்சும். தொடக்கத்தில் அதை அப்படியே விட்டுவிடுவேன்.

ஒரு நாள் நகரின் வடக்கே அஹுன்ட்சிக்கிலிருந்து ஒரு அம்மா இரண்டு மெற்றோ ரயில் மாறி, முதல் நாள் வாங்கிய சீடியோடு திரும்பி வந்தார். பாட்டு துள்ளுகிறதாக்கும் என்று பயந்தேன். பாட்டில் குறையில்லை. சீடியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பதிந்த இடம் கடும் நிறமாக இருந்தது. ஓரத்தில் மட்டும் பாட்டில்லாத ஒரு வளையம் வெளிறிக் கிடந்தது. அவர் கேட்டார்: “ஏன் பிள்ளை, இந்த ஓரம் ஆருக்கு?”

ஒரே ஒருத்தர்

அதன் பிறகு ஓரம் வெளிறாமல் கையில் கிடைத்த எதையாவது போட்டு நிரப்பினேன். அந்த நாட்களில்தான் சத்தியன் வந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிப் போகிற வேலை. நாற்பது வயதிருக்கும். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடிய சீடிகள் கொஞ்சம் கொண்டு வந்தார். சிநேகிதன் ஒருவரின் வீட்டு நிலவறையில் பதிந்ததாம். அட்டையில் பனி மூடிய ஒரு பஸ் தரிப்பிடத்தின் படம். முதலாளி அண்ணை அவற்றை ஊதுபத்திப் பக்கற்றுகளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் வைத்தார்.

சனம் எடுத்துப் பார்க்கும். “ஆர் பாடினது?” என்று கேட்கும். இங்கே இருக்கிறவர்தான் என்றதும் சூடுபட்ட மாதிரி திருப்பி வைக்கும். “அவன் எங்கட பில்டிங்கில இருக்கிறவன் அக்கா, அவனை லிஃப்ற்றில கண்டாலே பாட்டுத்தான்” என்று ஒருவர் சிரித்தார். சத்தியன் வெள்ளிக்கிழமைகளில் வேலைக்குப் போகிற வழியில் வந்து, பெட்டியைப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கோ அவர் முகத்தைப் பார்க்கவே பயம். ஒரு நாள் அவராகவே சொன்னார்: “எல்லாரும் வாங்க வேண்டாம் அக்கா. ஒரே ஒருத்தர் வந்து, சத்தியன்ர பாட்டு இருக்கோ எண்டு கேட்டாலே போதும்.”

எதிர்ப்பக்கத் தரிப்பிடம்

பனி கொட்டி ஒருவரும் வராத ஒரு பகல். சும்மா இருந்தால் எனக்கு மனம் கண்டதையும் நினைத்துப் பயப்படும். அதனால் சத்தியனின் சீடியைப் போட்டேன். மூன்றாவது பாட்டு இப்படித் தொடங்கியது: ‘பேருந்து வரும்வரை பனியோடு பேசினேன், உன் பேர் சொன்னபோது பனிகூட நின்றது.’ அட்டைப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எங்கள் கடைக்கு நேர் எதிரே உள்ள தரிப்பிடம். ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்து, அடுப்பை நிற்பாட்டினேனோ, கதவைப் பூட்டினேனோ என்று பதறியபடி நான் நிற்கிற இடம். ஆயிரக்கணக்கில் பாட்டுப் பதிந்திருக்கிறேன். ஒன்றிலாவது நான் நின்ற இடம் வந்ததில்லை. மிளகாய்த்தூள் மூட்டையில் குந்தியிருந்து அழுதேன்.

அடுத்த நாளிலிருந்து எல்லாருடைய சீடியிலும் கடைசிப் பாட்டு அதுதான். பாட்டு விவரத் துண்டில் சத்தியனின் பெயரையும் எழுதப் போனேன். முதலாளி அண்ணை கையைப் பிடித்தார்: “பேரை எழுதாதை மலர், எழுதினா பாட்டைக் கேட்க முன்னமே திருப்பிக் கொண்டு வருவினம்.”

எந்தப் படம்?

நம்பமாட்டீர்கள், இரண்டு வாரத்தில் ஒருவர் கேட்டு வந்தார். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளை. “அக்கா, கடைசில ஒரு பாட்டு வருதுல்ல, ஸ்னோவோட பேசற மாதிரி? எந்தப் படம்க்கா அது?”

சத்தியன் காத்திருந்த அந்த ஒரே ஒருத்தர். பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கேட்காத பாட்டை ஏன் போட்டாய் என்று சண்டை பிடிப்பானோ, முதலாளிக்குக் கேட்குமோ என்று ஒரு நொடியில் பத்துப் பயம் வந்தது. “அது வெளிவராத படம் தம்பி” என்றேன். அவன் முகம் மலர்ந்தது. வெளிநாட்டில் எடுத்த படமா என்று கேட்டான், அதற்கும் ஓம் என்றேன். பிறகு கேட்டு வந்த எல்லாருக்கும் அதே பொய். சொல்லச் சொல்ல எனக்கே பழகிவிட்டது. அந்தப் பிள்ளை போகும்போது சொன்னதுதான் இன்னும் குத்துகிறது: “படம் மட்டும் ரிலீஸ் ஆகியிருந்தா, இந்தப் பாட்டுக்காகவே ஓடியிருக்கும்க்கா.”

மண்டபத்தில்

ஒரு சனிக்கிழமை மத்தியானம், தெரிந்த வீட்டுக் கல்யாணம். முதலாளி குடும்பமும் நானும் ஒரு மேசை. முன் மேசையில் சத்தியன். மேடையில் உள்ளூர் இசைக்குழு. அறிவிப்பாளர், “அடுத்து, வெளிவராத ஒரு திரைப்படத்திலிருந்து...” என்று தொடங்க, அவர்கள் பனிப் பாட்டைப் பாடினார்கள். சத்தியன் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார். பாட்டு முடிந்ததும் எழும்பினார். பிறகு மேடைக்குப் போய் ஏதோ சொன்னார். அறிவிப்பாளர் மைக்கை நிற்பாட்ட மறந்துவிட்டார். “உங்கட பாட்டோ? பகிடி விடாதேங்கோ அண்ணை, இது படப் பாட்டு. இந்தா மலரக்கா இருக்கிறா, அவதான் தந்தவ. கேளுங்கோ!” மண்டபம் முழுக்கச் சிரித்தது. சிரித்தபடியே என்னைப் பார்த்தது.

எழும்பி நின்று ஒரு வசனம் சொன்னால் போதும். எனக்குப் பக்கத்தில் முதலாளி, சுற்றிவரப் பொய்யை நம்பிய வாடிக்கையாளர்கள். “எனக்கு வடிவா ஞாபகமில்லை” என்று தட்டைப் பார்த்துச் சொன்னேன். சத்தியன் மேடையிலிருந்து இறங்கி எங்கள் மேசையைக் கடந்து போனார். நின்றார். ஏசுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “சாப்பிடுங்கோ அக்கா, ஆறப்போகுது.”

அசல் எது

திங்கட்கிழமை போனதும் முதலாளியைக் கேட்காமல் எல்லாத் துண்டிலும் ‘பாட்டு, இசை, குரல்: சத்தியன்’ என்று எழுதத் தொடங்கினேன். வந்தவர் எல்லாரிடமும் உண்மையைச் சொன்னேன். முதலாளி அண்ணை முறைத்தார், ஆனால் தடுக்கவில்லை. அவரும் அந்த மேசையில் இருந்தவர்தானே. சத்தியன் மட்டும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எதிர்ப்பக்கத் தரிப்பிடத்தில் நின்று பஸ் ஏறுவதைக் கண்ணாடிக்குள்ளால் பார்ப்பேன். வீதியைக் கடந்து போகக் கால் வராது.

ஒரு நாள் கைக்குழந்தையோடு வந்த பெண் அந்த வெளிவராத படப் பாட்டைக் கேட்டார். “படமில்லை அம்மா, எங்கட சத்தியன் எழுதிப் பாடினது” என்று பெட்டியிலிருந்த சீடியை எடுத்துப் போட்டுக் காட்டினேன். தலையாட்டித் தலையாட்டி முழுவதும் கேட்டார். குழந்தைகூட அழுகையை நிற்பாட்டியது. எனக்கு உயிர் வந்தது. பிறகு சீடியை என் பக்கம் தள்ளினார்: “நல்லாத்தான் பாடியிருக்கிறார் அக்கா. எண்டாலும் எனக்கு அந்த ஒறிஜினலையே தாங்கோ.”

மிச்ச இடம்

பனி உருகின பிறகு சத்தியன் வந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை. மகளின் பிறந்தநாளுக்கு என்று ஒரு துண்டு தந்தார். எல்லாம் சினிமாப் பாட்டு. “தம்பி, அண்டைக்கு மண்டபத்தில நான்...” என்று தொடங்கினேன். “அது போகட்டும் அக்கா” என்றார். புதிதாக ஏதும் எழுதினீர்களோ என்றேன். இல்லை என்று தலையாட்டினார். நேரம் எங்கே என்றார். நேரத்தால் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பதிந்து முடிய நாலு நிமிடம் மிஞ்சியது. அவருடைய பாட்டுக்கு அளவெடுத்த மாதிரி நாலு நிமிடம். “மிச்சத்துக்கு உங்கட பாட்டைப் போடட்டோ? பேரோட போடுறன்” என்றேன். அவர் எதிர்ப்பக்கத் தரிப்பிடத்தைப் பார்த்தார். பிறகு, கோபம் துளியும் இல்லாமல் சொன்னார்: “வேண்டாம் அக்கா, ஓரம் வெறுமையாவே இருக்கட்டும்.”

ஏழு வருடத்தில், வெளிறிய ஓரத்தோடு சீடியை வாங்கிக்கொண்டு ஒரு குறையும் சொல்லாமல் போன வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான்.