மாரிச்செல்வம் மறுத்த அனுமதி

உமாமகேஸ்வரி ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கணவன் மாரிச்செல்வம் இறந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. குழந்தை இல்லை. வாரக் கடைசியில் பஸ் பிடித்து நயினார்கோவில் போய், தனியாக இருக்கும் மாமியார் இருளம்மாளோடு தங்கிவிட்டு வருவாள்.

மாரிச்செல்வம் ஒரு கல்லூரியில் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவன். கரண்ட் போகும்போதெல்லாம் பிள்ளைகளின் கோப்புகள் பாழாகிக்கொண்டிருந்தன. அந்த எரிச்சலில் தொடங்கியதுதான் எல்லாம். வெளிநாட்டுக்காரர்கள் இருவரோடு சேர்ந்து, மின்சாரம் எந்த நொடியில் நின்றாலும் கோப்பு கெடாமல் காக்கும் ஒரு பகுதியை லினக்ஸ் இயங்குதளத்துக்கு எழுதிக் கொடுத்தான். சம்பளமில்லாத வேலை. அது லினக்ஸில் சேர்ந்த அன்று இருளம்மாளுக்குப் போன் போட்டு, "ஆத்தா, ஊரு ஒலகத்துல ஓடுற கம்ப்யூட்டர்ல எல்லாம் எம் பேரு இருக்கு" என்றான். அவள் அதைத் தெரு முழுக்கச் சொன்னாள்.

மூளையில் ரத்தம் கசிந்து அவன் போய்ச் சேர்ந்த மறு வருஷம், கணேசலிங்கம் உமாவின் வீட்டுக்கு வந்தான். மண்டபத்து இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவன். அவனும் ஓர் இலவச இயங்குதளத்துக்குச் சும்மா உழைப்பவன்தான். ஆனால் அது லினக்ஸ் இல்லை, வேறொன்று. மாரிச்செல்வம் எழுதிய பகுதி அதற்கும் வேண்டும் என்று கேட்க வந்திருந்தான்.

"எல்லாரும் பார்க்கிற மாதிரித்தானே அவரு வெளியிட்டிருக்காரு? எடுத்துக்க வேண்டியதுதானே?" என்றாள் உமா.

"எடுக்கேலாது அக்கா. ரெண்டும் இலவசம்தான், ஆனா உரிமம் வேற வேற. லினக்ஸில இருந்து எடுத்துத் திருத்தி வேற ஆக்களுக்குக் குடுத்தா, திருத்தினதையும் திறந்துதான் வைக்கோணும். எங்கட உரிமத்தில அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு கம்பெனி எடுத்து, மாத்தி, பூட்டியும் வைக்கலாம். அண்ணா எழுதின கோட் உள்ள வந்தா எங்கட முழுசுக்கும் அந்தக் கட்டாயம் வந்திடும். அதனால எழுதின ஆக்கள் எங்கட உரிமத்திலயும் தாறம் எண்டு சொல்லோணும். மற்ற ரெண்டு பேரும் ஓமெண்டிட்டினம்."

"அவர்கிட்ட கேக்கலையா?"

கணேசலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். "இருக்கேக்க ஒருக்கா கேட்டனான். மாட்டன் எண்டவர். இப்ப உரிமை உங்களுக்கும் அவற்ர அம்மாவுக்கும்தான், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடோணும். எங்கட சிஸ்டம் சின்னச் சின்ன மருத்துவக் கருவியளில எல்லாம் ஓடுது. கரண்ட் போனா பதிவுகள் அழியுது. அதுக்காகத்தான் திரும்ப வந்தனான்."

அவன் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பதிவு அழிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தாள்.

நயினார்கோவிலில் விஷயத்தைச் சொன்னதும் இருளம்மாளின் முகம் மலர்ந்தது. மகன் போன பிறகு உமா அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"அப்ப இன்னொரு கம்ப்யூட்டர்லயும் அவன் பேரு வருமா?"

"வரும், அத்தை."

"பெறகென்ன யோசனை? எங்கன கையெழுத்துப் போடணும்னு சொல்லு, போடுறேன்."

கணேசலிங்கத்திடம் மாட்டேன் என்றதை மாரிச்செல்வம் உமாவிடம் சொன்னதில்லை. ஆனால் ஏன் என்று அவளுக்குத் தெரியும். அவனோடு பழகிய ஒருவர் வருஷக்கணக்கில் எழுதிக் கொடுத்ததை ஒரு நிறுவனம் எடுத்துப் பூட்டி வைத்துக்கொண்டது. அதில் தப்புக் கண்டுபிடித்தவர்களால் திருத்தக்கூட முடியவில்லை. அன்று அவன் சோறு இறங்காமல் எழுந்து போனான். 'நாளைக்கு எவனும் எனக்கு இதைச் செய்யக்கூடாது' என்று சொன்னது அவள் காதில் இருந்தது.

மறுநாள் காலை கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"நான் கையெழுத்துப் போடல, அத்தை."

"ஏத்தா, உசிரு காக்குற காரியம்னு நீதானே சொன்ன?"

"ஆமா. அவரு இருந்து சொல்லியிருந்தா நான் தடுத்திருக்க மாட்டேன். இருந்தப்ப மாட்டேன்னாரு. இப்ப நான் சரின்னா, அவரு செத்ததுனால கெடைச்சதுன்னு ஆயிரும்."

இருளம்மாள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். "எம் மகன் பேரை நீ நிறுத்திட்ட" என்றாள்.

உமா போனில் சொன்னபோது கணேசலிங்கம் வற்புறுத்தவில்லை. இனி ஒரே வழி, புதிதாக எழுதுவதுதான் என்றான். மாரிச்செல்வம் எழுதிய நிரலைப் பார்த்தவன் எழுதினால் சாயல் வந்துவிடும் என்பதால் கணேசலிங்கம் எழுதப் போவதில்லை. அது என்ன செய்கிறது என்பதை மட்டும் அவன் விவரித்துக் கொடுக்க, அதைப் பார்த்தே இராத ஒருவர் முதலிலிருந்து எழுத வேண்டும்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இடையில் எங்கெல்லாம் எத்தனை பதிவுகள் அழிந்தனவோ, உமா கேட்கவில்லை. ஆனால் பரிசோதனைக்கூடத்தில் கரண்ட் போகும்போதெல்லாம் நினைத்துக்கொண்டாள். புதியது வேகம் குறைவு, ஆனால் கெடாமல் காக்கிறது என்று கணேசலிங்கம் ஒருநாள் அழைத்துச் சொன்னான்.

"அவர் பேரு?"

"இல்லை அக்கா. அவர் எழுதினது ஒரு வரியும் அதில இல்லை."

அதையும் உமாவே நயினார்கோவிலில் போய்ச் சொன்னாள். இருளம்மாள் கேட்டுக்கொண்டாள். "குழம்பு ஆறுது, சாப்பிடு" என்றாள். தனக்கு எடுத்து வைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் உமா பஸ் ஏறினாள். மாமியார் வாசல் வரை வந்து பையை வாங்கிக்கொண்டாள். அந்தப் பேச்சை இருவரும் மறுபடி எடுக்கவே இல்லை.