உப்புக்காற்றில் ஒரு ஹீட்டர்

கற்பிட்டியில் இருந்துகொண்டு ஹீட்டர் வாங்கப் போகிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். அதனால் யாரிடமும் வாய் திறக்காமல் புத்தளம் பஸ்ஸில் ஏறினேன். கிழமையில் இரண்டு நாள், செவ்வாயும் சனியும், என் கணவரை இரத்தச் சுத்திகரிப்புக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற பாதைதான் அது. மூன்றாவது நாளும் அதே பஸ், அதே குலுக்கல் என்றதும் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு அந்த மெஷின்தான் அவரை வைத்திருக்கிறது. நாலு மணித்தியாலம் அதில் கிடந்துவிட்டு வீடு வந்தால் அவருக்குக் குளிர் பிடித்துவிடும். வெளியே வெங்காயப் பாத்தியில் கால் வைக்க முடியாத வெயில். ஒரே அறையில் நான் வியர்த்துக் கொட்டிக்கொண்டு இருப்பேன், அவர் இரண்டு போர்வைக்குள் பல் கிட்டிக் கிடப்பார். அந்தச் செவ்வாய்க்கிழமை போர்வைக்குள்ளிருந்தே சொன்னார்:

"சனிக்கிழம நான் வரல்ல. இந்தக் குளிர் எனக்குத் தாங்கேலா. இனிப் போதும்."

நிறுத்தினால் சில கிழமைகள்தான் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அதைத் தெரிந்துகொண்டுதான் போதும் என்றார். எனக்கு அழவும் தெம்பில்லை. குளிர்தானே பிரச்சினை, குளிரை ஒழித்துக் காட்டுகிறேன் என்று மறுநாளே கிளம்பிவிட்டேன்.

மூன்று கடையில் இல்லை என்றார்கள். நாலாவது கடைக்காரர் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் தூசு தட்டினார்.

"தாத்தா நுவரெலியா மலைப் பக்கமா போற?" என்றார். எங்கள் பக்கத்தில் அக்காவைத்தான் தாத்தா என்போம்.

"இல்ல தம்பி. வீட்டுலதான் குளிருது."

தலைக்கு மேல் சுழன்றுகொண்டிருந்த ஃபேனை ஒரு தடவை பார்த்துவிட்டு மனிதர் பெட்டியைத் திறந்தார்.

என் கணவர் போட் எஞ்சின் திருத்துகிறவர். உச்சமுனையிலிருந்தெல்லாம் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். எந்தச் சாமானையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்கமாட்டார். பெயின்ட் யாரும் அடிக்கலாம், அடியில் இருக்கிற ஸ்குருவைப் பார் என்பார். கடையில் இருக்கும்போதே ஸ்குருவின் தலை துருவேறிப் பழுத்திருந்தால், எங்கள் ஊர்க் காற்றில் அந்தச் சாமானுக்கு ஆறு மாதம்கூட ஆயுள் இல்லை. நானும் கவிழ்த்துப் பார்த்தேன். ஸ்குரு வெள்ளையாக இருந்தது. முன்பக்கக் கம்பி வலையை நகத்தால் சுரண்டினேன், பூச்சு உரியவில்லை. வயர் தடிப்பாக இருந்தது. பத்து நிமிடம் போடச் சொல்லிவிட்டு பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். பிளக் சுடவில்லை. உள்ளே இரண்டு கண்ணாடிக் குழாய்கள் சிவந்து எரிந்தன, என் முகத்தில் வியர்வை வழிந்தது.

"ஒரு வருஷம் கேரண்டி இரிக்கி தாத்தா."

"கேரண்டி தாறவன் கற்பிட்டிக்கு வந்து பாத்தீக்கானா தம்பி?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த வேலையைச் சொன்னால் வேறு ஊர்க்காரர்கள் என்னைப் பைத்தியக்காரி என்பார்கள். எங்கள் வீட்டில் இரும்பு என்று எது வந்தாலும் முதலில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. சைக்கிள், தையல் மெஷின், கேஸ் அடுப்பின் கால், கதவுப் பிணைச்சல் எல்லாவற்றுக்கும் அதுதான் முறை. இல்லாவிட்டால் உப்புக்காற்று தின்றுவிடும். கை தானாக எண்ணெய் டின்னுக்குப் போனது. கம்பி வலை, பின்னாலுள்ள மினுங்கல் தகடு, கண்ணாடிக் குழாய் வரை ஒன்றையும் விடாமல் துடைத்தேன். நல்ல வேலை செய்த திருப்தியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து சுவிட்சைப் போட்டேன்.

அறை முழுக்கப் புகை. அவர் இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"எண்ணெ பூசினியா?"

"ஓம்."

"கண்ணாடிக்குமா?"

நான் சுவிட்சை அணைத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போய், ஸ்பேனரும் திருப்புளியும் கிடக்கிற தன் ஆயுதப் பெட்டியை எடுத்து வந்தார். கட்டிலை விட்டு அவராக இறங்கி எத்தனை நாள். குழாயில் எண்ணெய் இருந்தால் சூட்டில் வெடிக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றி, ஸ்பிரிட் தொட்டு, பஞ்சால் துடைத்தார். திரும்பப் பூட்டிப் போட்டபோது புகை இல்லை. வெயில் காய்கிறவர் மாதிரி உள்ளங்கைகளை நீட்டிக்கொண்டு இருந்தார்.

"நல்ல சாமான்தான். நாலு வருஷம் ஓடும்" என்றார்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை பார்த்தால் மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "குளிருக்கு ஹீட்டர் வந்துட்டு. இப்ப என்னத்துக்குப் படுத்திருக்கிற?"

அவர் திரும்பவில்லை. "குளிர் மெய்தான். ஆனா அதுக்காவ இல்ல. நீ பஸ்ஸுல நித்திர வந்து முன் சீட்டு கம்பியில நெத்திய அடிச்சிக்கிற. போன கிழம ரத்தம் வந்த. எனக்குப் பாத்துக்கிட்டு இரிக்கேலா. நான் இல்லாட்டி நீ கொஞ்சம் படுப்ப."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காயம் காய்ந்துவிட்டது. நான் களைத்துப் போயிருக்கிறேன் என்பது உண்மை. சில நாள் காலையில் எழும்பும்போதே இன்றைக்கு முடியாது என்று தோன்றும்.

"எனக்கு ஏலாதுதான்" என்றேன். "ஆனா நீங்க இல்லாத வீட்டுல எனக்கு நித்திர வரும் எண்டு ஒங்களுக்கு யாரு செல்லின?"

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு கையை நீட்டினார். பிடித்துத் தூக்கிவிட்டேன்.

பஸ்ஸில் என்னை ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னார். ஊசி போடாத கை என் பக்கம் வரும்படி தானும் உட்கார்ந்துகொண்டார். பாலாவிச் சந்தி வரை கண்ணை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. விழித்தபோது பஸ் புத்தளத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். என் தலை அவர் தோளில் கிடந்தது. கம்பியில் இடிக்காமல் அவர் உள்ளங்கை என் நெற்றிக்கு முன்னால் விரிந்திருந்தது.

"ஏன் எழுப்பல்ல? நேரம் போகுதே."

"போகட்டும்" என்றார். "இன்னம் கொஞ்சம் படு."