ஷட்டருக்கு ரப்பர் வைத்த ஐப்பசி

நாங்கள் தனிக்குடித்தனம் போன முதல் வீட்டுக்கு ஒரே ஒரு கதவு. அதுவும் மற்றக் கதவுகளைப் போலத் திறக்காது. கடகடவென்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு மேலே சுருண்டு போகும். காரணம், அது வீடே இல்லை. புதுச்சேரியில் உப்பளம் பகுதியில் ஒரு குடும்பம் பிரான்சுக்குப் போனபோது, காரை விற்றுவிட்டுப் பூட்டிப் போட்டிருந்த கார் ஷெட். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அவர்களுடைய சொந்தக்காரர், ஷெட்டை மட்டும் எங்களுக்கு வாடகைக்கு விட்டார். எழுபதுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.

கார் ஷெட்டில் குடியிருந்தேன் என்றால் இன்றைக்குக் கேட்பவர்கள் ஐயோ பாவம் என்று பார்க்கிறார்கள். பாவமாவது ஒன்றாவது! எனக்கு அது அரண்மனை. முத்தியால்பேட்டையில் மாமியார் வீட்டில் இரண்டு அறைக்குப் பதினோரு பேர். நானும் என் வீட்டுக்காரரும் தனியாக நாலு வார்த்தை பேச வேண்டுமானால் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் அவருடைய அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர் கூடவே வந்துவிடுவார்கள், சுண்டல் கேட்டு. உப்பளத்து ஷெட்டில் முதல் நாள் ஷட்டரை இறக்கிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே இன்னும் பத்து கார் ஷெட்டில் குடியிருப்பேன்.

மாமியார் ஒரு வாரம் கழித்துத்தான் பார்க்க வந்தார். உள்ளே நுழையவில்லை. வாசலிலேயே நின்று, கழுத்தைச் சாய்த்து, ஷட்டரின் அடியைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு எங்கே குறை இருக்கிறதோ நேராக அங்கேதான் கண் போகும்.

குறை இருக்கத்தான் செய்தது. வருஷக்கணக்காகக் கார் ஏறி இறங்கியதில் வாசல் சிமெண்டில் இரண்டு சக்கரத் தடம் பள்ளமாக விழுந்திருந்தது. ஷட்டரின் அடியில் அந்தக் காலத்தில் வைத்த ரப்பர் காய்ந்து, பாதியை எலி தின்று, மீதி தொங்கிக்கொண்டிருந்தது. ஷட்டரை முழுக்க இறக்கினாலும் தடத்தின் வழியாக என் கை நுழையும். தெரு வேறு எங்கள் தரையைவிட ஒரு விரற்கடை உயரம்.

"ஐப்பசி பொறக்கட்டும். மொத மழைக்கே தெருத் தண்ணி பூரா உங்க பாய்க்கு வந்துடும். கார் நின்ன எடத்துல மனுஷன் குடித்தனம் பண்ணுவானாடா?" என்றார் மகனிடம்.

என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வீறாப்பு வந்ததோ. "தண்ணி உள்ள வந்துச்சுன்னா மறுநாளே பொட்டியத் தூக்கிக்கினு வந்துடறோம்மா, போதுமா?" என்றார்.

"வார்த்த மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தம்ளரை வீசியிருப்பேன். ஏனென்றால் அந்த மனுஷர் உண்மையாகவே வார்த்தை மாற மாட்டார். அம்மாவிடம் கொடுத்த வார்த்தை என்றால் கேட்கவே வேண்டாம். ஐப்பசிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த இரண்டு பள்ளமும் அடைபடாவிட்டால் நான் மறுபடியும் பதினோரு பேரில் ஒருத்தி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததுமே வேலையை ஆரம்பித்துவிட்டோம். ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டையை முட்டுக் கொடுத்தோம். ரப்பரை ஒரு நீளமான இரும்புப் பட்டை அழுத்திப் பிடித்திருந்தது. அதில் ஒன்பது போல்ட்டு, ஒன்பதும் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துத் திருகினார். பழைய ரப்பர் முறுக்கு மாதிரி உடைந்து உடைந்து வந்தது.

புது ரப்பருக்கு எங்கே போவது? இப்போது போலக் கடையில் நீளமாகச் சுருட்டி வைத்து விற்ற காலமில்லை. பஞ்சர் கடையில் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டுக் கழித்த லாரி ட்யூப் ஒன்றை வாங்கி வந்தார். மில்லில் வேலை செய்கிற மனுஷர் இல்லையா, நூல் பிடித்துக் கோடு போட்டு நேராக வெட்டினார். வெட்டு அவ்வளவு சுத்தம். போல்ட்டை முடுக்கி, ஷட்டரை இறக்கி, வெளியே நின்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். நான் உள்ளே காத்திருந்தேன். இரண்டு தடத்தின் வழியாகவும் தண்ணீர் ஜோராக உள்ளே வந்து என் காலை நனைத்தது.

"வந்துச்சா?" என்றார் வெளியிலிருந்து, ஆசையாக.

நான் கோபத்தோடு இருட்டில் நின்று அந்தப் பள்ளங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில். அதனால் ரப்பருக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளி முழுவதும் வெளிச்சமாகத் தெரிந்தது. எங்கே அகலம், எங்கே குறுகல் என்று அப்படியே வரைந்து வைத்த மாதிரி இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு நான் தைக்கிற ரவிக்கையின் கழுத்து வெட்டு ஞாபகம் வந்தது. தரை வளைந்திருக்கும்போது துணியை நேராக வெட்டினால் எப்படிப் பொருந்தும்? "ஏங்க, அதக் கழட்டுங்க! நான் வெட்டறேன்!" என்று கத்தினேன்.

பழைய செய்தித்தாள்களைக் கஞ்சிப் பசையால் நீளமாக ஒட்டினேன். குப்புறப் படுத்து, வெளிச்சம் வந்த வழியெல்லாம் காகிதத்தை வைத்து, பென்சிலால் விளிம்பைக் கோடிழுத்தேன். ரவிக்கைக்கு விடுகிற மாதிரி இரண்டு விரல் கூடுதலாக விட்டேன். ட்யூபை ஒற்றையாக வைக்காமல் இரண்டாக மடித்து, மடிப்பு கீழே வருகிற மாதிரி வைக்க வேண்டும் என்றும் எனக்கே தோன்றியது. மடிப்பு இருந்தால் உப்பி நின்று தரையோடு அழுந்தும். தடம் வருகிற இரண்டு இடத்திலும் ரப்பர் நாக்கு மாதிரி இறங்கி நின்றது. சோப்புத் தண்ணீரில் பிளேடைத் தோய்த்து வெட்டினால் ரப்பர் இழுக்காமல் வெட்டுப்படும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெருமை அவருக்குச் சேரட்டும். ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அவர் ஓட்டை போட்டார். தெரு முழுக்கக் கருகல் நாற்றம். இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் நீளம் விட்டு மேலே மடித்துச் செருகினோம்.

சாயங்காலம் மறுபடி சோதனை. இந்த முறை எதிர்வீட்டு அம்மாள், பக்கத்து வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்த ஆம்பிளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருத்தர் தன் வீட்டு வாளியையே கொண்டு வந்து ஊற்றினார். மொத்தம் பன்னிரண்டு வாளி. நான் உள்ளே விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. தரையைத் தடவிப் பார்த்தேன், வறண்டு கிடந்தது. நான் போட்ட கூச்சலில் உள்ளே யாருக்கோ தேள் கொட்டிவிட்டது என்று எதிர்வீட்டு அம்மாள் பயந்துபோனாராம்.

அதற்குப் பிறகு மழைக்காகத் தவித்தேன் பாருங்கள், புதுச்சேரியில் வேறு யாரும் அப்படித் தவித்திருக்க மாட்டார்கள். ஐப்பசி பிறந்து எட்டு நாள் ஆகியும் வானம் வெளுத்துக் கிடந்தது. கடல் பக்கம் ஒரு மேகம் கூடினால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒன்பதாம் நாள் விடியற்காலையில் அவர் முதல் ஷிப்டுக்குப் போன கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டது. அடேயப்பா, அது மழையா! பத்து மணிக்குத் தெருச் சாக்கடை நிரம்பி, தண்ணீர் ஷட்டரில் வந்து மோதுகிற சத்தம் கேட்டது. நான் கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஓரத்தில் மட்டும் லேசாகக் கசிந்தது. பழைய துணியைத் திணித்தேன், நின்றுவிட்டது. வெளியே குளம், உள்ளே காலையில் நான் போட்ட மாக்கோலம் கலையாமல் இருந்தது. கைதட்டிச் சிரித்தேன். தனியாக உட்கார்ந்து பாட்டுக்கூடப் பாடினேன்.

அப்போதுதான் ஷட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அடியே, தொற! நாந்தான்."

மாமியார். எங்களை மீட்டுக்கொண்டு போக முத்தியால்பேட்டையிலிருந்து ரிக்‌ஷா வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ரிக்‌ஷாக்காரர் எங்கள் தெருவில் தண்ணீரைப் பார்த்துவிட்டு முனையிலேயே இறக்கிவிட்டிருக்கிறார். மீதித் தூரத்தைக் குடையும் கையுமாக நடந்தே வந்திருக்கிறார்.

நான் ஓடிப்போய்க் கைப்பிடியில் கை வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. தூக்கினால் தண்ணீர் உள்ளே வந்துவிடுமே! படுத்துக் கோடு போட்டேன், மடித்தேன், வெட்டினேன், பன்னிரண்டு வாளி ஊற்றிப் பார்த்தேன். இது ஒரு வீட்டின் ஒரே கதவு, இதை எப்போதாவது திறக்க வேண்டியிருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"அத்த, தொறந்தா தண்ணி உள்ள வந்துடும்!" என்றேன்.

"அப்ப இன்னும் வரலியா?"

"ஒரு சொட்டு வரல அத்த. தரை காஞ்சி கெடக்குது."

"பொய் சொல்லாதடி. முழங்கால் தண்ணில கட்டில்மேல குந்திக்கினு இருக்கிற, சொல்ல வெக்கப்பட்டுக்கினு தொறக்க மாட்டன்ற. தொற, ஊட்டுக்குப் போலாம்."

திறக்காவிட்டால் உள்ளே வெள்ளம் என்று நினைத்துக்கொள்வார். திறந்தால் உண்மையாகவே வெள்ளம். மேலே சுவர் உச்சியில் பூனை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல், அதன் வழியாகவும் காட்ட முடியாது. வெளியே அவர் இருமுவது கேட்டது. திறந்த சாக்கடைக்குப் பக்கத்தில், கெண்டைக்கால் அளவு தண்ணீரில், அந்த வயதில் நின்றுகொண்டிருக்கிறார். ஒரு காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவறி வைத்தால் என்ன ஆகும்?

அரிசி டின்னையும் ஸ்டவ்வையும் பாயையும் கட்டில்மேல் தூக்கிப் போட்டேன். "குனிஞ்சி சீக்கிரம் வாங்க அத்த!" என்று கத்திக்கொண்டே ஷட்டரைத் தூக்கினேன்.

அவர் குனிந்து தலையை நீட்டினார். என்னைப் பார்க்கவில்லை, நேராகத் தரையைப் பார்த்தார். வறண்ட சிமெண்டு, அதில் கோலம். பார்த்தது ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருத் தண்ணீர் அவர் காலைத் தாண்டிக்கொண்டு பாய்ந்து வந்து கோலத்தை அடித்துக்கொண்டு போனது. கூடவே யாருடைய செருப்போ ஒன்று மிதந்து வந்தது.

"எறக்குடி! எறக்கு, எறக்கு!" என்று உள்ளே நுழைந்துகொண்டே அவரே கத்தினார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து, அடிக்கம்பியில் ஏறி நின்று அழுத்தினோம். ரப்பர் மறுபடியும் தரையைக் கவ்விக்கொண்டது. வந்தவரை வந்தது, கணுக்கால் அளவு. இப்போது அந்தத் தண்ணீர் வெளியே போக வழியில்லை. என் ரப்பர் அதையும் விடவில்லை.

மாமியார் புடவையை வரிந்து கட்டினார். சோற்றுப் பானையை எடுத்து அவர் மொண்டு கொடுக்க, நான் கட்டில்மேல் ஏறி நின்று அந்தப் பூனை ஜன்னல் வழியாகப் பின்னால் இருந்த தோட்டத்தில் வீசினேன். பாதி என் தலையிலேயே விழுந்தது. பத்தாவது பானையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. கல்யாணமாகி இந்த ஒன்பது மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மூச்சு வாங்க உட்கார்ந்தபோது ரப்பரை விரலால் அழுத்தி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவிக்கொண்டே போனார். இரண்டு நாக்குகளிலும் கொஞ்ச நேரம் விரல் நின்றது.

"யாரு வெட்டுனது?"

"நாந்தான் அத்த."

"ம்" என்றார். அதோடு சரி. கொண்டு வந்திருந்த தூக்குச்சட்டியைத் திறந்து எனக்கு முதலில் சோறு போட்டார். கட்டில்மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டோம்.

மில் சங்கு ஊதி அரைமணியில் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். வழியில் ரிக்‌ஷாக்காரர் அம்மா உள்ளே இருக்கிற விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஷட்டரை மெதுவாகத் தட்டினார்.

"தண்ணி வந்துடுச்சா?" என்றார். குரலே சுரத்தில்லாமல் இருந்தது.

தரையில் ஈரம் மினுங்கிக்கொண்டிருந்தது. கொடுத்த வார்த்தைப்படி பார்த்தால் வந்துவிட்டதுதான். மாமியாரைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சரிம்மா, வார்த்த வார்த்ததான். தொறங்க, பொட்டியக் கட்டிக்கினு போயிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர் வெளியிலிருந்து.

நான் எழுந்து கைப்பிடிக்குப் போனேன். மாமியார் எச்சில் கையாலேயே என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"தண்ணி எங்கடா வந்துச்சு? நாந்தான் ஷட்டரத் தொறக்கச் சொல்லி உட்டுட்டேன், அவ மேல தப்பில்ல" என்று குரல் கொடுத்தார். "இப்பத்தான் ரெண்டு பேரும் எறச்சி முடிச்சிருக்கோம். மறுபடியும் தொறந்தேன்னா யாரு எறைக்கிறது? ஒம் பொண்டாட்டி வெட்டுன ரப்பரு கல்லாட்டம் நிக்குது. தெருவுல தண்ணி வடியற வரைக்கும் வெளியவே நில்லுடா."